வாங்கும் முன் வீட்டைக் கேட்டீர்களா?

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அசல் சிரிப்பு. ஆனால் கேட்டவுடன் எடுத்து நீட்டிவிட்டால் அதற்கு என்ன மரியாதை? எந்த அலுவலகத்திலும் எந்தப் பொருளும் கேட்ட அன்றைக்கே கிடைத்ததாக வரலாறு இல்லை. ஆகவே சிரிப்பு உள்ளறையில் பத்திரமாக இருக்கிறது. வாசகப் பெருமக்கள் பெஞ்சில் அமர்ந்து காத்திருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அதுவரை ஆலோசகரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஆலோசகர் முதலில் வெறும் வீட்டுத் தரகர். தரகர் என்று சொன்னால் பெண் கொடுத்த மாமனாரே கொஞ்சம் தள்ளி உட்காருகிறார் என்பதைக் கவனித்துவிட்டு, ஒரு நல்ல நாளில் பலகையை மாற்றினார். 'இல்லக் கனவு ஆலோசகர்.' தொழில் அதேதான், பேச்சு மட்டும் மாறியது. முன்பு வீட்டைக் காட்டினார். இப்போது 'உணர்ந்து பார்க்க' அழைத்தார். முன்பு சின்னதாக இருந்த குளியலறை இப்போது 'நெருக்கமானது' ஆயிற்று. சுவரில் ஓதம் ஏறியிருந்தால் அது 'இயற்கையோடு இணைந்த இல்லம்'.

அதோடு நிற்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் அவரிடம் வீடு வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாங்கவே போகாதவர்கள் எல்லோரையும் ஃபோனில் ஒரு குழுவாகச் சேர்த்து, தினமும் காலையில் சூரியன் உதிக்கும் படத்தோடு ஒரு 'இன்றைய இல்லச் சிந்தனை' அனுப்பினார்.

'வீடு என்பது செங்கல் அல்ல, சிமெண்டும் அல்ல. அது ஓர் உணர்வு.'

அவரிடம் மேல்மாடி வீடு வாங்கிய வாத்தியார் உடனே பதில் போட்டார்: 'சார், உணர்வு ஒழுகுது. கட்டிலுக்கு நேர் மேலே.'

ஆலோசகர் கலங்கவில்லை. 'ஒழுகும் கூரையும் ஒருநாள் காயும். நம்பிக்கையை விடாதீர்கள்' என்று அனுப்பினார். அதற்கும் பலர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். வாத்தியார் பக்கெட்டைப் போட்டார்.

இந்தச் சிந்தனைகளை ஆலோசகர் சவரம் செய்துகொண்டே சொல்வார். மனைவி ஃபோனில் அடித்து அனுப்புவாள். வாய் நிறைய நுரையோடு சொல்வதால் பாதிதான் காதில் விழும். அனுப்பியதை அவர் திரும்பப் படித்ததே இல்லை. சொன்னவனே படித்தால் அது தற்பெருமை என்பது அவர் கொள்கை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் பாவம். ஊருக்கெல்லாம் வீடு வாங்கிக் கொடுத்த ஆலோசகர் குடியிருந்தது வாடகை வீட்டில்.

"ஏங்க," என்றாள் மனைவி ஒரு காலையில். "வீட்டுக்காரம்மா பொண்ணோட போய் இருக்கப் போறாங்களாம். இந்த வீட்டைக் கொடுத்தா முதல்ல நமக்குத்தானாம். கையில இருக்கறதைப் போட்டு வாங்கிடலாமே."

"அவசரப்படாத. சந்தை இறங்கட்டும்."

"கல்யாணம் ஆன புதுசுலயும் இதே சந்தை இறங்கப் போகுதுன்னுதான் சொன்னீங்க."

"பொறுமைதான் முதல் தவணை." கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை ரசித்துக்கொண்டார். "ஆகா. இதையே இன்னைக்குப் போட்டுடு."

மனைவி போடவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் சூரியனுக்குக் கீழே தானாகவே ஒன்றை அடித்து அனுப்பினாள்: 'வீட்டை நீங்கள் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறீர்கள். வீடல்லவா உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? வாங்கும் முன் வீட்டைக் கேட்டீர்களா?'

அன்று மாலை தேநீர்க் கடை வாசலில் வங்கி மேலாளர் ஆலோசகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "காலையில சொன்னீங்களே சார், அப்படியே நெஞ்சுல தைச்சிடுச்சு. இத்தனை பேருக்குக் கடன் கொடுத்திருக்கேன், ஒரு வீட்டையாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?"

ஆலோசகருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்வது அவர் தொழிலில் வழக்கமில்லை. "அதெல்லாம் உள்ளேயிருந்து வருது சார்," என்றார். "நான் வெறும் குழாய்."

வீட்டுக்கு வந்ததும் மெல்லக் கேட்டார். "காலையில நான் என்ன சொன்னேன்?"

மனைவி முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் வாசித்துக் காட்டினாள். ஆலோசகருக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்படித்தான் எனக்கு இப்படியெல்லாம் தோணுதோ."

"எனக்கும் அதுதாங்க ஆச்சரியமா இருக்கு," என்றாள்.

பிறகு ஊருக்குப் பிடித்தது பித்து. வீடு பார்க்கப் போனவர்கள் தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா என்று கேட்பதை விட்டார்கள். வெறும் ஹாலின் நடுவில் கண்ணை மூடி நின்று, "எங்களை உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று சுவரைக் கேட்டார்கள். புதுமணத் தம்பதி ஒன்று பதிலே வராததால் கண்ணீரோடு படியிறங்கியது. இன்னொரு குடும்பம் கதவு முனகியதைக் கேட்டுத் தூணைக் கட்டிக்கொண்டது. கதவுதான் வீட்டின் வாய் என்று எப்படியோ முடிவாகிவிட்டது. கீலுக்கு எண்ணெய் விடுவது வீட்டின் வாயைக் கட்டும் செயல் என்று ஒரு சிந்தனை வந்த பிறகு, தச்சர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு 'முனகல் வல்லுநர்' என்று அட்டை அடித்துக்கொண்டார். இழுவைக் கதவு வைத்த புத்தம்புது வீடுகள் விலைபோகவில்லை. அவற்றுக்கு ஊமை வீடு என்று பேர்.

ஊர் முழுக்கப் பரவிய பைத்தியம் அரசாங்கத்தை எட்டாமல் இருக்குமா? பதிவு அதிகாரியும் ஆலோசகரின் குழுவில் ஒருவர். நாளெல்லாம் விற்பவரும் வாங்குபவரும் மட்டும் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துப் பார்த்து, சம்பந்தப்பட்ட மூன்றாவது ஆசாமியை யாரும் மதிக்கவில்லையே என்று அவர் மனம் நொந்தது. சுற்றறிக்கை பிறந்தது:

'இனி எந்த வீட்டையும் பதிவு செய்யுமுன் அவ்வீட்டின் முன்னிசைவு பெறப்பட வேண்டும். விசாரணை அலுவலர் வீட்டை மூன்று முறை அழைத்து வினவுவார். கதவு நீளமாக முனகினால் இசைவு என்றும், படாரென அடித்துக்கொண்டால் மறுப்பு என்றும் கொள்ளப்படும். காற்று வீசும் நாட்களில் விசாரணை நடத்தலாகாது. காற்றின் கருத்து வீட்டின் கருத்தாகாது.'

கவுண்டரில் ஒருவர் கேட்டார். "வீடு ஒண்ணுமே சொல்லலைன்னா சார்?"

"விடுப்புல இருக்குன்னு அர்த்தம்," என்றார் குமாஸ்தா. "அடுத்த வாரம் வாங்க."

"வீடு எப்படி சார் விடுப்புல போகும்?"

"அதை வீட்டுக்கிட்டதான் கேக்கணும். அடுத்த ஆள்."

ஆலோசகரின் புகைப்படம் அலுவலகச் சுவரில் ஏறியது. அவரே இப்போது வீட்டுக்குள் நுழையும்போது கதவைத் தட்டி, "வரலாமா?" என்று பணிவாகக் கேட்டுவிட்டுத்தான் நுழைந்தார். "வாங்க, சாப்பாடு ஆறுது," என்று பதில் சமையலறையிலிருந்து வந்தது.

இந்தப் பெருமையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம் கண்டது. கையில் அளவு நாடாவோடு ஒரு பல் டாக்டர் வீட்டை விலைக்குப் பார்க்க வந்து நின்றார். ஆலோசகர் சந்தை இறங்கட்டும் என்று காத்திருந்ததைப் பார்த்துச் சலித்துப்போய், வீட்டுக்காரம்மாதான் அவரை அனுப்பியிருந்தார்.

டாக்டர் சுவரை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். "அடியில கொஞ்சம் சொத்தை. சுரண்டி அடைச்சிடலாம். இங்க நாற்காலி. அங்க காத்திருக்கிறவங்க. சமையலறை எதுக்கு? அதைப் பிடுங்கிடலாம், வலியே தெரியாது."

"டாக்டர், அங்க நாங்க சமைக்கிறோம்," என்றாள் மனைவி.

"இப்போதைக்கு," என்றார் டாக்டர்.

ஆலோசகருக்கு இத்தனை வருடம் வெறும் வாடகை வீடாக இருந்தது, ஒரே நொடியில் உலகத்திலேயே இல்லாத வீடாகிவிட்டது. மேல்சட்டையைக்கூட மாட்டாமல் வீட்டுக்காரம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, நாங்களே வாங்கிக்கறோம்."

"ரெண்டு பேரும் கேக்கறீங்க. யாருக்குன்னு நான் சொன்னா பொல்லாப்பு," என்றார் வீட்டுக்காரம்மா. "அதான் நீங்களே வழி சொல்லியிருக்கீங்களே தம்பி. வீடே சொல்லட்டும்."

விசாரணை நாளன்று தெருவே திரண்டுவிட்டது. ஆலோசகரின் சொந்த வழக்கு என்பதால் பதிவு அதிகாரியே நேரில் வந்தார். குமாஸ்தா மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னல்களைச் சாத்தினார். ஆலோசகருக்கு வேர்வை காது வழியாக இறங்கியது. இந்தக் கதவு எப்படி முனகுகிறதோ அப்படித்தான் அடுத்த மாதம் அவர் இருப்பிடம். படாரென்று அடித்தால் மூட்டை முடிச்சோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அதுவும் இல்லக் கனவு ஆலோசகர் என்ற பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"வீட்டுல இருக்கிற எல்லாரும் ஹாலுக்கு வந்து நிக்கணும்," என்று குமாஸ்தா குரல் கொடுத்தார். "யாரும் கதவுப் பக்கம் போகக்கூடாது."

"டீ போட்டுட்டிருக்கேங்க," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "எத்தனை பேருக்கு?"

அதிகாரி கையை உயர்த்திக் குமாஸ்தாவை அடக்கினார். "டீ போடறவங்க போடட்டும். எனக்குச் சர்க்கரை தூக்கலா."

முதலில் டாக்டர். வாசல் கதவைக் கூட்டம் அடைத்து நின்றதால், அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு சமையலறைக் கதவைப் பார்த்தார். "இல்லமே, இந்தப் பல் மருத்துவர் உனக்குச் சம்மதமா?"

படார். சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஆடியது. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் படார். மூன்றாவதில் உள்ளே ஒரு பாத்திரமும் சேர்ந்து விழுந்தது.

"வீடு கொஞ்சம் கோபமா இருக்கு," என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார். டாக்டர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

"இல்லமே, இந்த ஆலோசகர் உனக்குச் சம்மதமா?"

சத்தமில்லை. மறுபடி கேட்டார். சத்தமில்லை. பாத்திரத்தில் தேநீர் கொதிப்பது மட்டும் கேட்டது.

"யோசிக்குது," என்றார் அதிகாரி. "உங்க மேல ஏதோ மனத்தாங்கல். பேசிப் பாருங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

ஆலோசகர் முன்னே வந்து சுவரில் கையை வைத்தார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. "தப்பு என் மேலதான்," என்றார். "உன்கூட இத்தனை வருஷம் இருந்தும் உன் மதிப்பு எனக்குத் தெரியலை. குழாய் ஒழுகுதுன்னு சொன்னப்போ காதுல வாங்கலை. அலமாரி தொங்குதுன்னு சொன்னப்போ நாளைக்குன்னேன். மழைக்கு முன்னாடி வெள்ளையடிக்கறேன்னு ஒவ்வொரு மழைக்கு முன்னாடியும் சொன்னேன். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னேனே தவிர உன்னை ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இனிமே கேக்கறேன்."

பிறகு கதவு மெதுவாக, நீளமாக, கிட்டத்தட்ட விசும்பலைப் போல முனகியது. தெருவில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வங்கி மேலாளர் சத்தமாகவே அழுதார்.

"இசைவு," என்றார் அதிகாரி. "ஒரு சின்னச் சம்பிரதாயம் பாக்கி. இல்லமே, பத்திரம் ஆலோசகர் பேரில் பதியலாமா?"

படார்.

ஆலோசகர் திடுக்கிட்டுத் திரும்பினார். அதிகாரி கொஞ்சமும் அசரவில்லை. நெடுநாள் பழகிய கேள்வியைக் கேட்பவர்போல அடுத்ததைக் கேட்டார். "அவர் மனைவி பேரில்?"

கதவு முனகியது. பாட்டே பாடியது என்று சொல்லலாம்.

"எழுதிக்கோப்பா," என்றார் அதிகாரி. ஆலோசகரின் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மனசுல வெச்சுக்காதீங்க சார். வீடுகளோட சுபாவமே அப்படித்தான் போலிருக்கு. இதுவரைக்கும் எங்க ஆபீஸ் விசாரிச்ச அத்தனை வீடும் இதே பதில்தான் சொல்லியிருக்கு. போன மாசம் என் வீட்டைக் கேட்டோம். அதுவும் அப்படியே. இதைப் பத்தி மேலிடத்துக்கு ஓர் ஆய்வறிக்கை எழுதலாம்னு இருக்கேன்."

ஆலோசகரின் மூளையில் எங்கோ ஒரு கதவு மெல்லத் திறந்தது. "உங்க வீட்டு விசாரணையப்போ," என்று கேட்டார், "டீ யார் சார் போட்டது?"

"என் சம்சாரம்தான். ஏன் கேக்கறீங்க?"

தேநீர்த் தட்டோடு மனைவி வந்தாள். சர்க்கரை தூக்கலான கோப்பையை அதிகாரியிடம் கொடுத்தாள். ஆலோசகர் அவள் முகத்தைப் பார்த்தார். வாசலில் முண்டியடித்து நின்ற தெருப் பெண்களைப் பார்த்தார்; ஒருத்தியாவது சமையலறைக் கதவைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலைதோறும் தன் நெஞ்சிலிருந்து ஊறிவந்ததாக நம்பியிருந்த சிந்தனைகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன்னே வரிசையில் வந்து, மனைவியின் குரலில் வாசித்துக் காட்டிவிட்டுப் போயின.

"என்ன சார், ஏன் கேட்டீங்க?" என்றார் அதிகாரி மறுபடி, தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல சார்," என்றார் ஆலோசகர். "இவ எங்க கையெழுத்து போடணும்னு காட்டுங்க."