மஞ்சள் தண்ணீருக்குச் சிலுப்பாத கிடா

சுவா தோட்டம்,
வெள்ளிக்கிழமை.

நீலாயில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர், மரியாதைக்குரிய மாப்பிள்ளை மகேந்திரன் அவர்களுக்கு வீரமுத்து எழுதுவது. இங்கே நானும் பள்ளிக்கூடப் பண்ணையும் கோழிகளும் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சி மோகனாவும் பிள்ளை மாதவியும் சுகமாக இருக்க முனியாண்டி துணை. வாட்சாப்பில் சொல்லியிருக்கலாம், உங்கள் போனை மோகனாதான் முதலில் பார்க்கிறாள், பார்த்ததும் என்னைக் கூப்பிட்டு ஏசுவாள். அதனால்தான் தபால்.

விஷயம் உங்கள் கிடாவைப் பற்றியது. மாதவிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் எங்கள் தோட்டத்து முனியாண்டிக்கு வெட்டுவதாக நேர்ந்து, அன்றைக்கே குட்டியும் வாங்கினீர்கள். முனியாண்டி இடம் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் உங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டு நாற்றம் தாங்காமல் புகார் கொடுக்கப் போக, திருவிழா வரைக்கும் வைத்திருங்கள் என்று எங்கள் பண்ணையில் கொண்டுவந்து விட்டீர்கள். நானும் தலையாட்டினேன். அங்கேதான் மாப்பிள்ளை நம் இரண்டு பேருக்கும் புத்தி கெட்டது.

பண்ணை நிர்வாகம் என்றால் மூன்று பேர்தான். தலைமையாசிரியை லோகேஸ்வரி டீச்சர், கேன்டீன் நடத்தும் பஞ்சாலை அக்கா, லோரி ஓட்டி ஓய்வு பெற்ற நான். கிடா வந்த வாரமே பிள்ளைகள் அதற்கு டத்தோ என்று பேர் வைத்துவிட்டார்கள். தாடியும் நடையும் பட்டம் வாங்கின பெரிய மனுஷர் மாதிரி இருக்கிறதாம். பள்ளிப் பண்ணைகளுக்கான போட்டிக்குப் பண்ணையைப் பார்வையிட ஆள் வருவார்கள், நாற்றம் இருக்கவே கூடாது என்று டீச்சர் உத்தரவு போட, மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்ட கையோடு பிள்ளைகள் பைப்பை டத்தோ பக்கம் திருப்பினார்கள். ஆட்டுக்கும் தண்ணீருக்கும் ஆகாது, உங்களுக்குத் தெரியாததா? ஓடினான், வேலி தாண்டினான், டீச்சர் காரின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினான். பிள்ளைகள் விடவில்லை, தினமும் குளிப்பாட்டினார்கள். இப்போது குழாய் திறக்கும் சத்தம் கேட்டாலே தானாக வந்து நிற்கிறான், மாப்பிள்ளை!

திருவிழா நெருங்க நெருங்க எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. வெட்டுவதற்கு முன் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கிடா உடம்பைச் சிலுப்பினால்தானே சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு? தினமும் குளிக்கிறவன் எதற்குச் சிலுப்புவான்? ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சும்மா நின்றான். பஞ்சாலையிடம் ஐஸ் வாங்கிப் போட்டு ஊற்றினேன், இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தான். வேப்பிலையில் தொட்டுக் காதில் தெளித்தேன், வேப்பிலையைத் தின்றுவிட்டான்.

கடைசியில் கோயில் பூசாரி ராமசாமி அண்ணனையே கூட்டி வந்தேன். அவர் சாமியைக் கும்பிட்டு மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார். டத்தோ கண்ணை மூடினான். தலையில் ஊற்றினார். கழுத்துக்கு அடியிலும் ஊற்றச் சொல்லித் தாடியைத் தூக்கிக் காட்டினான்.

"எத்தனையோ கிடா பாத்துட்டேன், குளிக்க வந்த கிடா இதான்லா!" என்றார் அண்ணன்.

"இது சாமி வேணாம்னு சொல்றதா, இல்ல பைப்புப் பழக்கமாண்ணே?"

"அது எனக்கு எப்படிய்யா தெரியும்? சிலுப்பாம நான் கத்தி எடுக்க மாட்டேன். நேந்தவரே திருவிழாவுக்கு வந்து ஊத்திப் பாக்கட்டும்."

நின்று கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "லீவுல டத்தோ எங்க போவாருன்னு பிள்ளைங்க கேக்குறாங்கண்ணே. நீலாய்க்குன்னு சொல்லி வச்சிருக்கேன். திரும்பி எப்ப வருவாருன்னு கேட்டா நான் என்ன சொல்ல?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தையே அதட்டி நடத்துகிற மனுஷி.

மறைக்காமல் சொல்கிறேன் மாப்பிள்ளை, அவனைக் கொடுக்க எனக்கும் மனசு வரவில்லை. என் மோட்டார் சத்தம் கேட்டால் கோழிகூடத் திரும்பிப் பார்க்காது, இவன் வாசலுக்கு ஓடி வருகிறான். நேர்த்திக்கடன் விளையாட்டு இல்லை, மாதவி படிக்கிற பிள்ளை, எனக்கும் பயம் இருக்கிறது. ஆனால் ஐஸ், வேப்பிலை, மஞ்சள் என்று எல்லாம் பார்த்தும் சிலுப்பவில்லையே! சாமிக்கே இஷ்டமில்லாதபோது நாம் யார்? சுருட்டும் படையலும் வைத்து, பண்ணைப் பூசணிக்காயை வெட்டி முடித்துக்கொள்வோம். நீங்கள் நீலாயிலிருந்து மெனக்கெட்டு வரவே வேண்டாம்.

மோகனாவிடம் பூசணிக்காய் பேச்சை மெதுவாக ஆரம்பியுங்கள். மாதவிக்கு மாமன் ஆசீர்வாதம். வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீரமுத்து

பி.கு.: மேலே மை கலைந்திருப்பதற்கு மன்னிக்கவும். கொட்டகையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன், திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நனைந்து ஓடி வந்த டத்தோ என் பக்கத்தில் நின்று, கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பினான் பாருங்கள், கடிதமும் நானும் தெப்பம். பைப்புத் தண்ணீருக்குத்தான் பழகியிருக்கிறான் போல, மழைக்கு இல்லை. என்ன அதிசயம்! யாரும் பார்க்கவில்லை. மழையில் மஞ்சள் இல்லாததால் இது செல்லாது என்பது என் கட்சி. ஆனாலும் முனியாண்டி விஷயத்தை மறைத்து எழுதப் பயமாக இருக்கிறது, அதனால் நீங்களே வந்து ஊற்றிப் பாருங்கள். திருவிழா அன்றைக்கு ஒரு சொட்டு மழை பெய்யக் கூடாது என்று நான் தனியாக நேர்ந்திருக்கிறேன். கிடா இல்லை மாப்பிள்ளை, என் மொட்டை, மீசையும் சேர்த்து.