உப்புச் சாலை

பனி பெய்யும் நாடொன்று இருந்தது. அதற்கு ஓர் அரசரும், ஒரு மலைச்சாலையும், ஒரு பேருந்தும் இருந்தன. அரசரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். பேருந்தைப் பொன்னுரங்கம் ஓட்டினார்.

ஒரு குளிர்காலத்தில் சாலை உறைந்து கண்ணாடியானது. சந்தைக்குப் போன வேன் பதினோரு பேரோடு பள்ளத்தில் உருண்டது. சாலையில் உப்புத் தூவும்படி அரசர் ஆணையிட்டார். பனிக்கட்டி கரைந்தது, சக்கரம் வழுக்கவில்லை, அதன்பின் அந்தக் குளிர்காலத்தில் ஒருவரும் சாகவில்லை. அரசருக்கு முதல் மாலையைப் போட்டவர் பொன்னுரங்கம்தான். மனதாரத்தான் போட்டார்.

சாலைத்துறை அமைச்சர் யோசித்தார். ஒரு பிடி உப்பு இத்தனை உயிரைக் காத்தால், ஒரு மூட்டை எத்தனை காக்கும்? உப்புச் சுரங்கம் அவருடைய மைத்துனருடையது என்பது தற்செயல். மறு ஆண்டு சாலையில் கணுக்கால் உயரத்துக்கு உப்பு கிடந்தது. உருகிய நீர் சரிவில் இறங்கிக் கிணறுகளில் கலந்தது. முள்ளங்கிப் பாத்திகள் கருகின. பேருந்தின் அடித்தகடு துருவேறி உதிர்ந்தது. ஒருநாள் பிரேக் குழாயே அரித்துப்போக, பொன்னுரங்கம் மலைச்சுவரில் உரசித்தான் வண்டியை நிறுத்தினார். அமைச்சரைப் போய்ப் பார்த்தார்.

"உப்பே வேணாம்னு சொல்லலைங்க. கொண்டை ஊசி வளைவுல மட்டும் கொஞ்சம் போடுங்க. மத்த இடத்துக்கு மணல் போதும்."

"நீர் உப்பின் பக்கமா, பனியின் பக்கமா?"

"நான் வண்டி ஓட்றவனுங்க."

"அப்படியொரு பக்கம் அரசாங்கப் பதிவேட்டில் இல்லை," என்றார் அமைச்சர்.

அடுத்த வாரம், கிணற்று நீர் இனிப்பானது என்று சட்டம் வந்தது. கரிக்கிறது என்றவர்கள் சிறைக்குப் போனார்கள். குழந்தைகள் அதைக் குடித்துவிட்டு வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார்கள்.

தேர்தலில் மக்கள் உப்பு ஒழிப்புக் கட்சிக்கு வாக்களித்தார்கள். புதிய அரசர் சொன்ன சொல் தவறாதவர். சாலையில் ஒரு கல் உப்புகூட விழக்கூடாது என்றார்.

பனி மறுபடி இறங்கியது. பிரசவ வலி கண்ட செல்லக்கிளி என்ற பெண்ணை ஏற்றிக்கொண்டு பொன்னுரங்கம் மருத்துவமனைக்குப் புறப்பட்டார். கொண்டை ஊசி வளைவில் வண்டி பள்ளத்தின் பக்கமாகப் பின்னோக்கி வழுக்கி, ஒரு பாறையில் முட்டி நின்றது. அக்கம்பக்கத்து வீடுகளில் கெஞ்சி, அடுப்படி ஜாடிகளில் இருந்த உப்பை வாங்கி வந்து சக்கரத்தடியில் தூவினார். வண்டி ஏறியது. பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனை வாசலில் காவலர் காத்திருந்தார்.

"உப்புத் தூவினீரா?"

"தூவினேங்க."

"எந்தக் கட்சி?"

"வண்டியில புள்ளத்தாச்சி இருந்துச்சுங்க."

காவலர் அதையே கட்சியின் பெயராக எழுதிக்கொண்டார்.

சிறை அறையில், உதடு வெடித்த பள்ளி ஆசிரியர் ஒருவர் முன்பே இருந்தார்.

"என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார் ஆசிரியர்.

"உப்பு போட்டேன். நீங்க?"

"கெணத்துத் தண்ணி கரிக்குதுன்னேன்."

"அதைச் சொல்லித்தானே சார் இவங்க ஜெயிச்சாங்க? உங்கள விடலையா?"

"கேட்டுப் பார்த்தேன். அரசாங்கத்தைக் குறை சொல்லிப் பழகுன ஆள எப்படி வெளிய விடறதுன்னுட்டாங்க."

ஆசிரியர் சற்று நகர்ந்து, பாயில் பொன்னுரங்கத்துக்கு இடம் விட்டார்.