சுடாத தீயும் என் மூக்குக்கண்ணாடியும்

நாலு இடத்தில் விசாரித்து, கட்டம் போட்டு ஒப்பிட்டு, ராத்தூக்கம் கெட்டு யோசித்து, கடைசியில் தப்பானதையே வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டு. நான் அந்த ஜாதி. யோசிக்காமல் வாங்கிய செருப்பு எனக்கு ஆறு வருஷம் உழைத்திருக்கிறது. யோசித்து வாங்கிய வாஷிங் மெஷின் எங்கள் வலியசாலை வீட்டு வாசற்கதவுக்குள் நுழையாமல் இரண்டு நாள் மழையில் தெருவில் நின்றது. (என் மனைவி கோமதி அதற்குக் குடை பிடித்தாள். பக்கத்தில் நனைந்துகொண்டு நின்ற எனக்குப் பிடிக்கவில்லை.) இதெல்லாம் தெரியாத ஒரு மனிதர், தன் கடைக்குத் தீயணைப்புப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

அவர் எங்கள் முதலாளி பாஸ்கரன். பழவங்காடிக்குப் பின்பக்கம் நேந்திரங்காய் வறுவல் போடும் கூடம் வைத்திருக்கிறார். நான் அங்கே மேனேஜர். வறுப்பது, அரிவது, பொட்டலம் கட்டுவது தவிர்த்து மிச்சமிருக்கும் காகித வேலைகளுக்கு அந்தப் பெயர். காய் தோலுரித்து அரிய உள்ளூர்ப் பெண்கள் பத்துப் பேர். ஐந்து அடுப்பில் வறுக்க வள்ளியூர்ப் பக்கத்து ஆட்கள் ஒன்பது பேர். அவர்களுக்குத் தலைவர் முருகேசன் மாஸ்டர். அண்டா அண்டாவாகத் தேங்காயெண்ணெய் காயும் இடம்.

ஓணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது தீயணைப்பு நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. தடையில்லாச் சான்றிதழ் முடியப்போகிறது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அதன் பிறகே புதுப்பிப்பு. சான்றிதழ் இல்லையென்றால் அடுப்பு மூட்டக்கூடாது. ஓணச் சமயத்தில் அடுப்பு அணைந்தால் எங்களுக்கு வருஷமே அணைந்த மாதிரி. அந்தப் பெண்களுக்கு ஓணப் புடவையும் இல்லை, வள்ளியூர்க்காரர்கள் ஊருக்குக் கொண்டுபோக எதுவும் இல்லை. முதலாளி கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "ஸ்வாமி நோக்கிக்கோளூ" என்று பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி சுகுமாரன் சேட்டன். ஓய்வுபெற்ற ஃபயர்மேன். ஒரு பழைய இரும்புத் தட்டோடு வருவார். முற்றத்தில் அதை வைத்துக் கொஞ்சம் டீசல் ஊற்றிப் பற்றவைப்பார். ஒவ்வொருவரையும் தீயணைப்பு சிலிண்டரால் அணைக்கச் சொல்வார். ஒரு சாயாவும் இரண்டு பருப்புவடையும் கொடுத்தால் சாயங்காலம் வரை கற்றுக்கொடுப்பார். சந்தையில் பாதிக் கடைகளுக்கு அவர்தான் ஆசான்.

இரண்டாவது வழியைக் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் பார்த்தேன். வி.ஆர். பயிற்சி. தலையில் ஒரு ஹெட்செட்டை மாட்டிக் கையில் பிளாஸ்டிக் கைப்பிடி ஒன்றைக் கொடுத்தார்கள். கண் முன்னே அழகான ஆபீஸ். கண்ணாடிச் சுவர், சுழலும் நாற்காலி. மூலையில் ஒரு குப்பைக்கூடை புகைந்து எரிந்தது. நான் ஆட்காட்டி விரலால் கைப்பிடியை அழுத்தினேன். வெள்ளைப் புகை பாய்ந்து தீ அணைந்தது. தொண்ணூற்றிரண்டு மார்க் என்று ஆகாயத்தில் எழுதிக் காட்டியது. எஸ்.எஸ்.எல்.சி.யில் தொடங்கி எந்தப் பரீட்சையிலும் நான் வாங்காத மார்க். அந்த நிமிஷமே நான் விழுந்துவிட்டேன். மற்றதெல்லாம் அதற்குக் காரணம் கண்டுபிடித்த வேலைதான்.

விளக்கிக் காட்டிய பெண் நேர்மையானவள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. "உங்க இடத்தில் எண்ணெய் உண்டல்லோ சார், அடுக்களைத் தீக்கான பாடம் ரெண்டு மாசத்தில் வரும், காத்திருக்கலாமா?" என்று கேட்டாள். தீ எல்லாம் தீதானே என்றேன். "மேலே இருக்கிற பின்னை உருவி அழுத்துகிற மாதிரி நிஜ சிலிண்டர் போலவே ஒரு டம்மி இருக்கு சார். அதையும் சேர்த்து எடுத்தால் நல்லது" என்றாள். நான் ஒரு மேனேஜரின் சிரிப்பைச் சிரித்தேன். "எங்க சுவத்திலேயே எட்டு சிலிண்டர் தொங்கறதும்மா. பொம்மை எதுக்கு?"

அலுவலகத்துக்கு வந்து நாலு பக்கத்துக்கு ஒப்பீட்டுக் குறிப்பு எழுதினேன். சுகுமாரன் சேட்டன் பகுதியில் "புகை, கரி, டீசல் நாற்றம் வறுவலில் ஏறும் அபாயம், வயதானவர்" என்று போட்டேன். வி.ஆர். பகுதியில் குறைகள் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். முதலாளி முழுவதும் வாசித்தார்.

"ஸ்வாமி, இதில் தீ உண்டோ?"

"உண்டு முதலாளி. ஆனா சுடாது."

"சுடாத்த தீ நமக்கு எந்தினா?"

சுடாத தீ எதற்கு என்ற அந்தக் கேள்வியோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நவீன காலம், பாதுகாப்பு, புகையில்லாத பயிற்சி என்று கால் மணி நேரம் பேசினேன். முதலாளி களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி தொடங்கியது. பெண்கள் சிரித்துச் சிரித்து அணைத்தார்கள். எல்லோருக்கும் நல்ல மார்க். மாஸ்டர் மட்டும் முறைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"சார், இந்த மூஞ்சிப்பெட்டிய மாட்டுனா கண்ணுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

"ஒண்ணும் ஆகாது மாஸ்டர்."

அவர் மாட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடி ஆபீசில் அங்குமிங்கும் தலையைத் திருப்பினார். குனிந்தார். தீ வளர்ந்துகொண்டிருந்தது.

"என்ன தேடறேள்?"

"சாக்கு எங்க கெடக்குன்னு பாக்கேன் சார்."

"ஆபீஸ்ல சாக்கு இருக்காது. விரலை அழுத்துங்கோ."

"நம்ம கூடத்துல கம்ப்யூட்டரே ஒண்ணுதான சார், அதுவும் உங்க மேஜையில. எண்ணெ எங்க இருக்கு இதுல?"

அவருக்கு முப்பத்தொரு மார்க். பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். (இருபத்தைந்து வருஷமாகக் கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்கிற மனிதரை, ஃபைல் கட்டுகிற நான் பெயிலாக்கினேன். இதை நினைத்தால் இன்றும் என் காது சூடாகிறது.) போதாததற்கு எல்லோருக்கும் ஒரு உபதேசமும் செய்தேன். பயப்பட ஒன்றுமில்லை, கைமீறிப் போகிறது என்று தோன்றினால் ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள், தீ போய்விடும் என்றேன். நானே தினம் மத்தியானம் சாப்பிட்டபின் தனியாக மாட்டிக்கொண்டு பழகினேன். சில நாள் கூடை மிஞ்சிப்போய் மேஜை, திரை எல்லாம் பற்றிக்கொள்ளும். சட்டென்று முகத்திலிருந்து பிடுங்கிவிடுவேன். கை தானாகவே போகுமளவுக்கு அது பழக்கமாகிவிட்டது.

அதிகாரி வருவது ஒரு திங்கட்கிழமை. காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அங்கே எதற்குத்தான் உடைப்பதில்லை, பரீட்சை, விசா, வழக்கு, எல்லாவற்றுக்கும் சிதறும். என் காய் இரண்டு வீச்சில் உடைந்தது. மனசு நிறைந்து, சந்தனப் பிரசாதத்தை வாழையிலையோடு கூடத்துக்குக் கொண்டுவந்தேன். புதுச் சாமான் எதுவும் பொட்டில்லாமல் வேலைக்கு இறங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஸ்கூட்டர், மிக்ஸி, மகளின் லேப்டாப் எல்லாம் அப்படித்தான் தொடங்கின. ஹெட்செட்டுக்கு மட்டும் அவசரத்தில் விட்டுப்போயிருந்தது. ஹெட்செட்டின் முகப்பில் நாலு மூலையில் நாலு சின்னக் கண்கள் இருந்தன. எங்கே பொட்டு வைப்பது என்று அதைச் செய்தவர்களே இடம் காட்டியிருப்பதாக எனக்குப் பட்டது. நாலிலும் கெட்டியாகச் சந்தனம் வைத்து மேலே குங்குமமும் வைத்தேன். அந்தக் கண்களால்தான் அது தரை எங்கே, சுவர் எங்கே என்று பார்க்கிறது என்பது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். இளைஞர், மரியாதையானவர். "ஞான் ஒந்நு நோக்கட்டே" என்று தானே ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். அவர் பார்ப்பது என் மேஜைத் திரையிலும் தெரியும். எல்லோரும் சுற்றி நின்றோம். ஆபீஸ் வந்தது. குப்பைக்கூடை வந்தது. பற்றிக்கொண்டது. பிறகு தரை மெல்லச் சாய்ந்து, கூடை எரிந்தபடியே மேலே கிளம்பியது.

"ஸ்வாமி, தீ மேலோட்டு போயல்லோ."

"கொஞ்சம் மேலே பாருங்கோ சார்."

அவர் அண்ணாந்து கையை உயர்த்தி அழுத்தினார். கூடை கூரையைத் தாண்டிப் போனது. அவர் அதைப் பின்தொடர்ந்து இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடி நேந்திரங்காய்த் தோல் குவியலில். மாஸ்டர் பாய்ந்து பிடிக்காவிட்டால் அரசாங்கமே எங்கள் கூடத்தில் விழுந்திருக்கும். அதிகாரி ஹெட்செட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். நாலு பொட்டும் அவரைப் பார்த்தன. அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சாரமில்லா. இனி சரிக்குள்ள தீ நோக்காம்" என்றார். அதாவது நிஜத் தீ.

முற்றத்தில் ஒரு தட்டு வைத்து, ஜெனரேட்டர் டீசல் கொஞ்சம் ஊற்றிப் பற்றவைத்தார்கள். எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தது யார் என்று கேட்டார். பத்தொன்பது விரல்கள் என்னைக் காட்டின. சுவரிலிருந்து சிலிண்டரை இறக்கி என் கையில் கொடுத்தார்கள்.

அது அவ்வளவு கனக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தீ அவ்வளவு சத்தம் போடும் என்பதும், ஐந்தடி தள்ளி நின்றாலே முகம் எரியும் என்பதும் எனக்குப் புதுச் செய்தி. ஆட்காட்டி விரலால் அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. கை முழுக்க அழுத்தினேன். சிலிண்டர் கல்லாக இருந்தது. பின் உருவ வேண்டும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எது பின், எங்கே பின், எனக்குக் கேட்கவே இல்லை. காற்று திரும்பியது. தீ என் பக்கம் நாக்கை நீட்டியது. முடிந்தது என்று நினைத்தேன். இத்தனை பேரின் ஓணமும் என் கையிலிருக்கிறது, என் கைக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு கையாலாகாத்தனத்தை அதற்கு முன்பு நான் உணர்ந்ததில்லை.

அப்போதுதான் என் வலது கை தானாக மேலே போனது. முகத்தில் இருந்ததைப் பிடித்து ஒரே இழுப்பில் கழற்றியது.

அங்கே ஹெட்செட் இல்லை. என் மூக்குக்கண்ணாடிதான் இருந்தது. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு தீ மறையட்டும் என்று காத்து நின்றேன். தீ மறையவில்லை. கலங்கலாகவும் முன்பைவிடப் பெரிதாகவும் தெரிந்தது, அவ்வளவுதான்.

"சார், தள்ளுங்க" என்று குரல் கேட்டது. மாஸ்டர் தொட்டியில் முக்கிப் பிழிந்த கோணிச் சாக்கோடு வந்தார். தட்டின் மேல் தன் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாக, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி விரித்தார். தீ அணைந்துவிட்டது.

"இது யாரு படிப்பிச்சது?" என்று அதிகாரி கேட்டார்.

"யாரும் படிப்பிக்கல சார். எண்ணெயில பிடிச்சா தண்ணி ஊத்தப்பிடாது, சாக்க நனச்சுப் பிழிஞ்சு போத்திரணும். அடுப்பு முன்னால நிக்கவன் எல்லாவனுக்கும் தெரியும்."

அதிகாரி ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். எல்லோரும் நிஜத் தீயில் பயிற்சி பெற வேண்டும் என்று எழுதி, "குறிப்பாக மேனேஜர்" என்று சேர்த்தார். முதலாளி அதை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார்.

மறுநாள் நான் சுகுமாரன் சேட்டன் வீட்டுக்குப் போனேன். என் ஒப்பீட்டுக் குறிப்பை முதலாளி ஏற்கெனவே அவருக்குக் காட்டியிருந்தார். சேட்டன் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "வயசாயி, அல்லே ஸ்வாமி?" என்று மட்டும் கேட்டார். ஆனாலும் வந்தார். இரும்புத் தட்டு, டீசல், சாயா, பருப்புவடை. "முதல்ல ஸ்வாமி வரட்டே" என்றார். பத்தொன்பது பேர் பார்க்க நான் பதினொரு தடவை பின் உருவினேன். பன்னிரண்டாவது தடவைதான் தீயைக் கொடுத்தார். மாஸ்டர் என் பக்கத்திலேயே, தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று ஈரச் சாக்கோடு நின்றார். சான்றிதழ் வந்தது. அடுப்பு எரிந்தது, ஓணமும் நடந்தது. காலாவதியான சிலிண்டரின் பின் ஒன்றைச் சேட்டன் எனக்குப் பரிசாகக் கொடுத்தார். இன்றும் என் வீட்டுச் சாவி அதில்தான் தொங்குகிறது.

நான் வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நான் வலியசாலைக்கு வந்துசேரும் முன்பே முதலாளி போன் பண்ணியிருந்தார். கோமதியும் மகள் நித்யாவும் வாசலில் நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் கண்ணாடி இல்லை, கையில் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சங்கடத்துக்கும் அதுதான் மருந்து. பால் பொங்கி வழிந்தால், கரண்ட் பில் வந்தால், நித்யா ஒரு பாடத்தில் பெயிலானால், "அப்பா, கண்ணாடியக் கழட்டுப்பா, சரியாயிடும்" என்பாள்.

போன வருஷம் கோமதிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும் முன் அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். சின்ன ஆபரேஷன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று இந்த முறையும் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தது நான்தானே. அது அவளுக்கும் தெரியும். பச்சை உடையில் கிடந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, கண்ணாடியைக் கழட்டுங்கோ" என்றாள்.

கழற்றினேன். எப்படியும் துடைக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு யாரோ வந்தார். நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "டாக்டர், அவளை நன்னாப் பாத்துக்கோங்கோ" என்றேன். "ஞான் லிஃப்ட் வரைக்கும் உள்ளூ சார்" என்றார் அந்த அட்டெண்டர். லிஃப்ட் கதவு மூடும் வரை உள்ளேயிருந்து கோமதி சிரிக்கிற சத்தம் கேட்டது.