ரைஸ்மில் வரியும் நான் வெளியேற்றிய மெம்பரும்

என் முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில், ஏழைகளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு முறைதான் முயன்றேன். அதற்குப் பிறகு முயலாமல் இருந்ததுதான் நான் அவர்களுக்குச் செய்த உபகாரம்.

ஐம்பதுகளின் கடைசி. உத்திரமேரூர் ஏரியின் கடைமடையில் இருந்த ஒரு சின்னப் பஞ்சாயத்துக்கு நான் குமாஸ்தா. வயது இருபத்து மூன்று. இலாகா பரீட்சையை முதல் தடவையிலேயே தேறியவன் என்ற திமிர் என் நடையிலேயே தெரிந்திருக்கும் என்று பிற்பாடு என் மனைவி சொன்னாள். (அப்போது அவள் என்னைப் பார்த்ததே கிடையாது. இருந்தாலும் சரியாகத்தான் சொன்னாள்.) சபையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வயசுப் பையன்கள் டூரிங் டாக்கீஸுக்குப் போவார்கள். நான் அந்தச் சுவரைப் பார்க்கப் போவேன்.

அந்த வருடம் எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தது. பங்குனியில் துரைசாமியின் ரைஸ்மில்லும் வந்தது. துரைசாமி பஞ்சாயத்து மெம்பர். சிரித்த முகம், புதுச் சைக்கிள். அதுவரை ஊர் நெல்லை உரலில் குத்திக் கொடுத்தவர்கள் நிலமில்லாத வீட்டுப் பெண்கள், நாற்பது பேர் இருப்பார்கள். வயல் வேலை இல்லாத மாதங்களில் அதுதான் அவர்களுக்குச் சோறு. கூலி அரிசி போக, நொய்யும் தவிடும் குத்தினவளுக்கே என்பது வழக்கம். நொய் கஞ்சியாகும், தவிடு ஆட்டுக்குப் போகும். மில்லில் அரைத்தால் தவிடு மில்காரருக்கு. சித்திரை முடிவதற்குள் உரல்களைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

அவர்களில் முனியம்மா என்பவள் ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். புருஷன் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள்.

"சாமி, அந்த மிஷினை நிறுத்தக் கூடாதா?"

"முடியாதும்மா. அதுக்கு லைசென்ஸ் இருக்கு."

"அது இன்னா துண்ணுது?"

"கரண்ட்."

"சோறு துன்றவங்களுக்கு லைசென்ஸ் குடுக்க மாட்டீங்களா?"

பதில் இல்லாதபோது நான் சட்டப் புத்தகத்தைத் திறப்பேன். மோட்டார் வைத்த தொழிலுக்குப் பஞ்சாயத்து வரி போடலாம் என்று அதில் இருந்தது. உடனே ஒரு தீர்மானம் எழுதினேன். மோட்டாரின் குதிரைத் திறனுக்கு ஏற்ப மில்லுக்கு ஆண்டு வரி. அந்தப் பணத்தில் ஏரிக்கரை மராமத்து. அந்த வேலைக்கு முதல் அழைப்பு நெல் குத்தின பெண்களுக்கு. ஏரி வற்றியிருக்கும் வைகாசி, ஆனியிலேயே வேலை நடந்தாக வேண்டும்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. டீக்கடையில் காலையில் ஆரம்பிக்கும் சண்டை மத்தியானம் வரை நடக்கும்.

"இன்னிக்கி மிஷினுக்கு வரி, நாளைக்கி என் வண்டிமாட்டுக்கு வரி போடுவானுங்க."

"அதுங்க குத்தின அரிசியில பாதி கல்லு. மில்லு அரிசி மல்லிப்பூவாட்டம் கீது."

"மல்லிப்பூதான். அத்த வாங்க கூலி எங்க கீது?"

துரைசாமி மட்டும் கோபப்படாமல் சொன்னார்: "நானா அதுங்க பொழப்பைக் கெடுத்தேன்? மிஷின் கெடுத்துது. போய் மிஷினாண்ட வரி கேளுங்க." கடையே சிரித்தது. அவர் பக்கம் நியாயம் இல்லை, ஆனால் சிரிப்பு இருந்தது. என் பக்கம் மூன்று பக்கத் தீர்மானம் இருந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் எங்கள் பக்கம். அவர் நிலம் கரையை ஒட்டி இருந்தது; கரை பலப்பட்டால் அவருக்கும் நல்லது. இரக்கம் இந்த மாதிரித் துணையோடு வந்தால்தான் தீர்மானமாகும் என்பதை நான் அப்போதே கற்றுக்கொண்டேன். கற்க வேண்டிய மற்றதைக் கற்கவில்லை.

வைகாசியில் கூட்ட நாள் வந்தது. மெம்பர்கள் ஒன்பது பேர். வரித் தீர்மானம் செல்ல வேண்டுமானால் ஐந்து பேராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். ஒருவர் திருப்பதிக்குப் போயிருந்தார், ஒருவருக்குக் காய்ச்சல், இரண்டு பேர் வம்பே வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஐந்து பேர் வந்தார்கள். நான்கு பேர் வரிக்குச் சாதகம். ஐந்தாமவர் துரைசாமி.

வெளியே புங்கமரத்தடியில் நாற்பது பெண்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் உலக்கை. (மிரட்டுவதற்கு அல்ல. வீட்டில் வைத்துவிட்டு வந்தால் புருஷன் விற்றுவிடுவான் என்ற பயம்.)

துரைசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். நான் அவருக்கு முன்னால் எழுந்துவிட்டேன்.

"இந்தப் பொருளில் சொந்த ஆதாயம் உள்ள உறுப்பினர் சபையில் இருக்கக் கூடாது. தயவுசெய்து வெளியேறவும்."

தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பேசாம குந்திக்கினு இருக்கச் சொல்லுப்பா. போதும்."

"விதி, ஐயா."

துரைசாமி பெஞ்சைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. என்னைத் திட்டுகிறார் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தார்.

"விதின்னா விதிதான், தம்பி. நீ படிச்சவன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மரத்தடியில் ஒரே ஆரவாரம். "தொரத்திட்டாங்கடி!" என்று ஒருத்தி கூவினாள். எல்லோரும் கை தட்டினார்கள். முனியம்மா உலக்கையால் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். என் வாழ்க்கையில் எனக்காக ஒரு கூட்டம் கை தட்டியது அன்று ஒருநாள்தான். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு மினிட் புத்தகத்தைத் திறந்தேன். 'ஆஜரான உறுப்பினர்கள்' என்று எழுதி, பெயர்களை வரிசையாக எழுதினேன். நான்காவது பெயரோடு பேனா நின்றுவிட்டது.

"இன்னாப்பா?" என்றார் தலைவர்.

"நாலு பேர்தான் இருக்கீங்க, ஐயா."

"அஞ்சு பேருதான வந்தோம்?"

"ஒருத்தர் வெளியே போயிட்டார்."

"யாரு அனுப்பினது?"

நான் பேனாவை மூடினேன்.

"ஓடுறா! போய்க் கூப்பிடு!"

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். துரைசாமி சைக்கிளில் ஏறிவிட்டிருந்தார். நான் அவரைத் துரத்துவதைப் பார்த்த பெண்கள், குமாஸ்தா அவரை ஊர் எல்லைவரை விரட்டப் போகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

"முதலாளி, வந்துடுங்க! சும்மா உக்காந்தா போதும்!"

அவர் சைக்கிளைக் கொஞ்சம் மெதுவாக்கினார். "விதி ஒத்துக்காதே, தம்பி," என்று என்னைவிடத் துக்கமாகச் சொல்லிவிட்டு மிதித்தார்.

தீர்மானம் விழுந்தது. விழுந்த பொருளை ஆறு மாதத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது. ஆறு மாதம் கழித்தால் கார்த்திகை. ஏரி ததும்பும். கரையில் ஒரு கூடை மண்கூட வெட்ட முடியாது.

மறுநாள் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போய், மேலாபீஸில் பெரிய விதிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆதாயம் உள்ள உறுப்பினர் பேசக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது. அவ்வளவுதான். வெளியேற வேண்டும் என்று எங்குமே இல்லை. அவர் உட்கார்ந்திருக்கலாம், அவர் தலையும் எண்ணிக்கையில் சேரும். வெளியேற்றும் விதி என் தலையில் எங்கிருந்து முளைத்தது? ஆகாதவனைச் சபைக்குள்ளேயே சேர்க்காத அந்தக் கோயில் சுவரிலிருந்துதான். ஆயிரம் வருடத்துக்கு முன் காலாவதியான சட்டத்தை நான் அமல்படுத்தியிருந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது முனியம்மா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் விளக்கினேன். ஷரத்து எண்ணோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ அந்தாளு உள்ளயே குந்திக்கினு இருந்திருந்தா எங்களுக்கு வேலை கெடைச்சிருக்கும்?"

"ஆமாம்."

"அவுரு போனதுக்கா நாங்க கை தட்டினோம், சாமி?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆடியில் குடும்பம் குடும்பமாக மெட்ராஸுக்குச் சித்தாள் வேலைக்குப் போனார்கள். முனியம்மா இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு போனாள். உலக்கை என்ன ஆயிற்று என்று தெரியாது.

கார்த்திகையில் அதே தீர்மானம் மறுபடி வந்தது. துரைசாமிக்கு நானே நாற்காலி போட்டேன். அவர் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மென்றார். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. வரி ஒழுங்காக வசூலானது. அடுத்த வருடம் ஏரி வற்றியதும் கரை வேலை ஆரம்பமானது. நெல் குத்தின பெண்கள் முதலில் வரலாம் என்று, விதிப்படி, மூன்று நாள் தண்டோரா போட்டேன். மூன்று பேர் வந்தார்கள்.

துரைசாமியின் சைக்கிளுக்குப் பின்னால் நான் வெறுங்காலோடு ஓடிய கதையைத் தலைவர் என் கல்யாணத்தில் என் மாமனாரிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சொத்து. வந்தவர்கள் யாராவது கிளம்ப எழுந்தால் என் மனைவி, "எண்ணிப் பாத்துட்டு அனுப்புங்க," என்பாள். சாப்பாட்டுப் பந்தியில் நான் முதலில் எழுந்தால் பேரன், "தாத்தா போனா கூட்டம் செல்லாது," என்று வேட்டியைப் பிடித்துக்கொள்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர்கள் சொல்லும் கதை சைக்கிளோடு முடிந்துவிடும். கரை வேலைக்கு வந்தவர்கள் மூன்று பேர் என்பதை நான் சேர்ப்பதில்லை.