சித்திரை வீதியில் வந்த பாலிசி

என்னை விடக் கெட்டிக்காரன் திருச்சியில் இல்லை என்று எட்டு மாத காலம் நம்பியிருக்கிறேன். தனியார் துப்பறிவாளராக நான் தொழில் தொடங்கிய முதல் எட்டு மாதம் அது. (துப்பாக்கி, தொப்பி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன இடத்தில்தான் வேலை பார்க்கிறாரா என்று பெண் வீட்டாருக்கு விசாரித்துச் சொல்வேன், அவ்வளவுதான்.)

கல்யாணமான புதிது. நிலையான வேலை இல்லையே என்று மனைவி கவலைப்பட ஆரம்பித்திருந்தாள். கன்டோன்மென்டில் ஒரு வக்கீல் மாதாமாதம் வேலை தருவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு.

"நீங்க தப்பா ரிப்போர்ட் குடுத்து, பாதிக்கப்பட்டவங்க கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது? உங்க தொழிலுக்கு ஒரு இன்சூரன்ஸ் எடுத்துட்டு வாங்க, பேசுவோம்."

உடனே விண்ணப்பித்தேன். 'பின்தொடரும்போது பிடிபட்டதுண்டா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. 'ஒருபோதும் இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமலே கையெழுத்தும் போட்டேன்.

மறுவாரம் துறையூர்ப் பெண் ஒருத்திக்காக ஸ்ரீரங்கத்து மாப்பிள்ளை ஒருவரைக் கவனிக்கப் போனேன். மனிதர் காலையில் சித்திரை வீதிகளில் வாக்கிங் போகிறவர். நான்கு வீதிகளும் கோயிலைச் சுற்றி வருவதால், எங்கே புறப்பட்டாலும் அங்கேயே வந்து நிற்போம். இரண்டாவது சுற்றில்தான் கவனித்தேன், நீலச்சட்டைக்காரர் ஒருவர் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வைத்த ஆள் என்று முடிவுகட்டி, ஒரு பூக்கடையில் ஒதுங்கி நின்றேன். அவர் ஒவ்வொரு கடையாக நுழைந்து என்னைத் தேடிக்கொண்டே முன்னே போக, நான் அவர் பின்னால் மெல்லப் போனேன். வடக்குச் சித்திரை வீதியில் எட்டிச் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"யாருய்யா உன்ன அனுப்பினது?"

"நீங்கதான் சார்!" என்றார் அவர், மூச்சு வாங்க. "நீங்க வேலை செய்யறத நேர்ல வந்து பாக்கலாம்னு கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. நான் இன்சூரன்ஸ் கம்பெனி சேகர்."

கை தானாக விட்டுவிட்டது. வக்கீலும் வேலையும் மனைவியின் முகமும் வரிசையாகக் கண்முன் வந்து போயின. அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். மாப்பிள்ளை! வேகமாக நடக்கிறவர், ஒரு சுற்று முடித்து எங்களைப் பிடித்துவிட்டிருந்தார்.

"சண்டை வேண்டாம் சார். முதல் சுத்துலேயே ரெண்டு பேரையும் பாத்துட்டேன். பொண்ணு வீட்டு ஆளுங்கதானே? வாங்க, காபி சாப்பிட்டுட்டே கேளுங்க."

காபிக் கடையில் சேகர் என் படிவத்தை எடுத்து, 'ஒருபோதும் இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம், இன்று' என்று எழுதினார். நான் என் ரிப்போர்ட்டில் 'மாப்பிள்ளை தங்கமானவர், மிகுந்த பொறுமைசாலி' என்று எழுதினேன். அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

பத்து நாள் கழித்துப் பாலிசியும் வந்தது. வக்கீலின் வேலை இன்றுவரை ஓடுகிறது, குறையொன்றும் இல்லை. ஆனால் பாலிசியின் கடைசியில் எனக்கென்றே ஒரு வரியைத் தனியாகச் சேர்த்திருந்தார்கள்: 'எமது நிறுவன ஊழியர்களைப் பின்தொடர்வதாலோ, சட்டையைப் பிடிப்பதாலோ ஏற்படும் இழப்புக்கு இக்காப்பீடு பொருந்தாது.'

வருடா வருடம் புதுப்பிக்க சேகர்தான் வீட்டுக்கு வருகிறார். காபி குடித்துவிட்டு அவர் கிளம்பும்போது வழியனுப்ப நானும் எழுந்தால், அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்:

"ஏங்க, நீங்க முன்னாடி போங்க. அவரு பின்னாடி போனா இன்சூரன்ஸ் கிடையாது!"