ரகசிய இல்லத் திறப்பு விழா

வீடில்லாதவர்களுக்கு அரசு ஒரு விடுதி நடத்துகிறது. வீட்டில் அடி வாங்குகிற பெண்களுக்கு இன்னொரு இல்லம் நடத்துகிறது. ஆகவே கும்மிடிப்பூண்டியில் ஒரு பெண் போக்கிடமில்லாமல் தெருவில் நிற்பதற்கு எந்த முகாந்திரமும் கிடையாது. இருந்தும் ஹெலன் நின்றாள்.

அவளுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. புருஷன் ஸ்டீவன், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் லேபர் கான்ட்ராக்டர். வெளியே பரம சாது. யாரைப் பார்த்தாலும் கை கூப்புவான். வீட்டுக்குள் வந்தால் அதே கைக்கு வேறு வேலை கொடுப்பான். இந்தத் தடவை ஹெலனின் இடது மணிக்கட்டு உடைந்துபோயிற்று. மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவள், வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக வீடற்றோர் விடுதிக்குப் போனாள்.

அங்கிருந்த எழுத்தர், "ஊடு கீதாம்மா உனக்கு?" என்று கேட்டார்.

"கீது சார். ஆனா அங்க போவ முடியாது."

"கீதுன்னா நீ வீடற்றவர் ஆவ மாட்டியே. ஊடு இல்லாம ஆய்ட்டு வா, தாராளமா படுத்துக்கோ."

"அப்ப நான் எங்க சார் போறது?"

"உன்ன மாதிரி பொம்பளைங்களுக்குன்னே ஒரு இல்லம் நடத்தறாங்க."

"எங்க சார் அது?"

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "அத சொல்லக் கூடாதும்மா. ரகசியம்."

வாசலில் நின்றிருந்த ஷேர் ஆட்டோக்காரர், "ரகசிய இல்லந்தான? ஏறு யக்கா" என்றார்.

இதற்குக் காரணம் திட்ட அலுவலர் துளசிராமன். அடிக்கிற கணவன் தேடி வந்துவிடக் கூடாது, ஆகவே இல்லத்தின் இருப்பிடம் யாருக்கும் தெரியக் கூடாது என்பது மேலிடத்து ஆணை. ஆணை மக்களுக்குத் தெரிந்தால்தானே அதன்படி நடப்பார்கள் என்று யோசித்த துளசிராமன், நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பெரிய பலகை வைத்தார். 'அடைக்கலம் மகளிர் இல்லம். இதன் இருப்பிடம் ரகசியமானது. விசாரிப்போர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதி, கீழே தெளிவாக ஓர் அம்புக்குறியும் போடச் சொன்னார். ஆட்டோக்காரர்கள் அந்த நிறுத்தத்துக்கே 'ரகசியம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"ரகசியம்லாம் எறங்கு!" என்று சத்தம் கேட்டதும் ஹெலன் இறங்கினாள்.

இல்லத்தின் காப்பாளர் சந்திரகலா வாசலிலேயே நின்றிருந்தார். கையைப் பார்த்தார். சூடாக ரசம் சோறு போட்டு, "சாப்ட்டுத் தூங்கு. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார். கதவுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டால் விழுந்தடித்து எழுந்து உட்காருவது ஹெலனின் வழக்கம். அங்கே கொஞ்ச நாளில் அது குறைந்தது. ஒரு நாள் மத்தியானம், டீ கொண்டு வந்தவர்கள் தோளைத் தொட்டு எழுப்புகிற அளவுக்குத் தூங்கியிருந்தாள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இல்லம் இன்னும் திறக்கப்படவேயில்லை என்பது அலுவலகத்தின் கவனத்துக்கு வந்தது. பெண்கள் ஒரு வருஷமாகத் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் திறப்பு விழா நடக்காதபடியால், முறைப்படி பார்த்தால் அது பூட்டியிருந்தது. துளசிராமன் பதறிப்போய் ஓடிவந்து விழாவுக்கு நாள் குறித்தார்.

"விழான்னா ஊரே வருமே சார். ரகசியம் இன்னா ஆவறது?" என்று சந்திரகலா கேட்டார்.

"அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு. எல்லாருக்கும் கூலிங் கிளாஸ்."

"வர்ற ஜனங்களுக்கா?"

"உங்க பொம்பளைங்களுக்கும்மா! ஒரே கலர் புடவ, கறுப்புக் கண்ணாடி. யாரு யாருன்னே தெரியாது. இப்ப எல்லா ஊர்லயும் இதான் ட்ரெண்டு."

விழாவன்று செண்டை மேளம் அதிர்ந்தது. ரகசிய இல்லத்தை எல்லாக் கோணத்திலிருந்தும் படமெடுக்க ஒரு டிரோன் பறந்தது. 'நான் பெண்மையைப் போற்றுபவன்' என்று எழுதிய அட்டைச் சட்டத்துக்குள் முகத்தை நுழைத்து செல்ஃபி எடுக்க ஆண்கள் வரிசையில் முண்டியடித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கூலிங் கிளாஸ் போட்ட ஹெலன் முன்வரிசையில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே புத்தம் புது மின்விசிறிகள். ஓடவிட்டால் நன்கொடையாளரின் பெயரைப் படிக்க முடியாதென்று, விழா முடிகிறவரை அவற்றைப் போடக் கூடாது என உத்தரவு. ஹெலன் அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு இறக்கையிலும் 'உபயம்: ஸ்டீவன், லேபர் கான்ட்ராக்டர்' என்று எழுதியிருந்தது.

வேர்வை சட்டென்று ஜில்லிட்டது. எழுந்து துளசிராமனிடம் ஓடினாள்.

"சார், ஃபேன் குடுத்தவரு என் ஊட்டுக்காரரு. இந்தக் கைய ஒடச்சவரு."

துளசிராமன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஐயோ, சொல்லாதம்மா! உன் புருஷன் யாருன்னு எனக்குத் தெரியக் கூடாது. ரகசியம்!"

"பாத்தா இட்டுகினு பூடுவாரு சார். என்னால முடியாது சார்."

"அதான் கண்ணாடி போட்ருக்கியே, இன்னா பயம்? பயனாளிங்க சார்பா நீதான் அவருக்குப் பொன்னாட போத்தற."

"நானா?"

"உனக்குத்தான் கட்டு இருக்குது. போட்டோல நல்லா விழும்."

மேடையில் ஸ்டீவன் வெள்ளையும் சொள்ளையுமாக நின்று, பெண்கள் மேல் கை ஓங்கமாட்டேன் என்ற உறுதிமொழியை உரக்கப் படித்தான். பிறகு பொன்னாடைக்காகக் குனிந்தவன், மாவுக்கட்டைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். கேமராவுக்குச் சிரித்தபடியே மெதுவாகச் சொன்னான்.

"ஊட்டுக்கு வா. இன்னொரு கையும் கீது."

திரும்பி ஓடினால் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வரும் என்று ஹெலனுக்குத் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றினாள். மைக்கைப் பிடித்தாள்.

"இவரு என் புருஷன். என் கைய ஒடச்சது இவருதான். இப்பகூட இன்னொரு கைய ஒடப்பேன்றாரு. என்ன காப்பாத்துங்க!"

குரல் உடைந்து, அதற்குமேல் கதறலாகத்தான் வந்தது. பந்தல் மொத்தமும் வாயடைத்துப் போயிற்று. தம்முடைய உத்தியோகம் முழுவதும் அந்த மைக்கின் முனையில் தொங்குவதைத் துளசிராமன் கண்டார். படபடவென்று கை தட்டினார்.

"அருமை! அருமையான விழிப்புணர்வு நாடகம்!"

ஜனங்களுக்கு உயிர் வந்தது. கைதட்டல், விசில். ஸ்டீவன் நாலாபக்கமும் பார்த்தான். கான்ட்ராக்டர் ஆயிற்றே, சட்டென்று புரிந்துகொண்டான். தடாலென்று அவள் காலில் விழுந்து, "என்ன மன்னிச்சிரு ஹெலன்!" என்று கதறினான். பந்தல் கிழிந்துவிடும் போலாயிற்று. சிறந்த நடிகர் என்று அவனுக்கு இரண்டாவது பொன்னாடை விழுந்தது.

அந்தச் சந்தடியில் சந்திரகலா ஹெலனைப் பின்வாசல் வழியாக அழைத்துப்போய் ஸ்கூட்டியில் ஏற்றினார். "எங்கக்கா?" என்று ஹெலன் கேட்டாள்.

"வேப்பம்பட்டு. எங்க ஊடுதான். போர்டுலாம் கெடையாது."

மறுநாள் இரண்டு பேரும் போலீசுக்குப் போனார்கள். "வீடியோ பாத்தோம்மா, சூப்பர். அதான் மன்னிப்புக் கேட்டுட்டாரே" என்று அனுப்பிவைத்தார்கள். சந்திரகலா விடவில்லை, வக்கீலைப் பிடித்துக் கோர்ட்டில் மனு போட்டார். மனு நடந்துகொண்டிருக்கிறது. கட்டு பிரித்ததும் ஹெலன் பக்கத்துத் தெருத் தையல் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். நாடகமும் ஊர் ஊராக நடந்துகொண்டிருக்கிறது. கணவனாக ஸ்டீவனே நடிக்கிறான். ஹெலன் வேஷத்துக்கு ஒரு காலேஜ் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

விழா வீடியோ எல்லோருடைய போனுக்கும் போயிற்று. ஸ்டீவன் வீட்டோடு ஒட்டினாற்போல், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் பல வருஷமாகக் குடியிருக்கும் குடும்பமும் கூடி உட்கார்ந்து அதைப் பார்த்தது.

"ஸ்டீவன் பின்னிட்டாருபா" என்றார் அந்தக் குடும்பத் தலைவர். "ஹெலன் கத்தறதுதான் நெசமா இல்ல. அடி வாங்கறப்ப எப்டி கத்துவாங்கன்னு நமக்குத் தெரியாதா இன்னா?"