அமிர்தவள்ளி காதில் விழக்கூடாத பாட்டு

அந்தப் பாட்டு தன் பெண்டாட்டி காதில் விழவே கூடாது என்று சுந்தரமூர்த்தி முடிவெடுத்தார். ஆம்பூரில் குடியிருந்துகொண்டு பிரியாணி வாசனை மூக்குக்கு வரக்கூடாது என்று முடிவெடுப்பது போலத்தான் இதுவும். ஆனாலும் எடுத்துவிட்டார். மனுஷர் ஷூ கம்பெனி செக்கிங் டேபிளில் இருபது வருஷமாக நிற்கிறவர். ஒரு தையல் பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவர். கேவலம் ஒரு பாட்டைத் திருப்பி அனுப்ப முடியாதா என்ன?

முடியவில்லை. ஊரே அதைத்தான் போட்டது. கல்யாண மண்டபத்தில் அது, செல்போன் கடையில் அது, கம்பெனி பஸ்ஸில் காலையும் மாலையும் அதுவே. டும் டும் என்று நெஞ்சு அதிர ஒரு தாளம். நடுவில் ஏதோ பழைய கேசட்டிலிருந்து வெட்டி எடுத்த ஒரு பெண் குரல். “பாலாத்துல தண்ணி வந்தா பாக்க வருவேன்னியே.” அதையாவது முழுசாக விடுகிறார்களா? மெஷின் அந்தக் குரலைக் கைமா போட்டு, “வரு வரு வரு வருவேன்னியே” என்று அடித்து நொறுக்கியது. பஸ்ஸில் பெண்கள் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினார்கள்.

அந்தக் குரல் அமிர்தவள்ளியுடையது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடிக்கொண்டிருந்தாள். குடியாத்தத்திலிருந்து வாணியம்பாடி வரை அவள் பாடின கேசட் ஓடாத டீக்கடை கிடையாது. தாலி கட்டின மறுவாரமே சுந்தரமூர்த்தி, “இனிமே மேடை வேணாம்” என்றார். அடுப்படியில் முணுமுணுத்தாலும், “மெதுவா, அக்கம்பக்கம் சிரிக்கும்” என்பார். அவளும் மெதுவாகப் பாடி, இன்னும் மெதுவாகப் பாடி, ஒருநாள் நிறுத்தியே விட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்தது. வேலூரில் ஆபரேஷன். கட்டியை எடுத்தால்தான் உயிர் தங்கும், ஆனால் குரல் திரும்பாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார். உயிர் தங்கியது. பாவம், வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது; காதைக் கொண்டுபோய் வைத்தால்தான் வார்த்தை புரியும்.

மற்ற வீடுகளில் பெண்டாட்டி திட்டினால் புருஷன் தெருவுக்கு ஓடுவான். இவர் வீட்டில் திட்டு வாங்க வேண்டுமென்றால்கூட இவர்தான் கிட்டே போய்க் குனிய வேண்டும். குனியும்போதெல்லாம், இருந்த குரலைப் பாட விடாத பாவி நான் என்று உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. இப்போது அந்தக் குரலையே அவள் கேட்டால் உடைந்துபோவாள். அதுதான் அவருடைய பயம்.

முதலில் கம்பெனி பஸ் டிரைவர் அமீர் பாஷாவைப் பிடித்தார். அதே தெருக்காரர்.

“பாய், நம்ம தெரு முனை வர்றப்ப மட்டும் அந்தப் பாட்டை நிறுத்திடுங்களேன்.”

“ஊரே ஆடுது மூர்த்தி. உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?”

“தலைவலி பாய்.”

“தலைவலிக்குக் கண்ணுல தண்ணி வருமா?”

“தூசு.”

“ஜன்னல் மூடித்தானே கீது?”

பாய் நல்ல மனுஷர், தெரு முனையில் நிறுத்திவிட்டார். ஆனால் மறுநாள் காலை இவர் ஏறி உட்கார்ந்து தெருவைத் தாண்டியதும் முதல் பாட்டாக அதையே போட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. சுந்தரமூர்த்தியோ அந்தப் பாட்டுக்காகவே வீட்டிலிருந்து பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்ப ஆரம்பித்தார்.

அடுத்தது வீடு. அமிர்தவள்ளி ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பவள். ரெண்டு பக்கமும் ஊசி குத்தி, ரெண்டு கையையும் விரித்து நூலை இழுக்கிற வேலை. தெருப் பெண்கள் நாலைந்து பேர் கோயில் சுவரோரம் கூடி உட்கார்ந்து தைப்பார்கள். நடுவில் ஒரு போன் பாடிக்கொண்டிருக்கும். ஆபத்து அங்கேதான்.

“நீ வெளிய உக்காராத அமிர்தம். தொண்டைக்குத் தூசு ஆகாது. தைக்கிற பண்டலை நானே வூட்டுக்கு எடுத்தாந்துடறேன்.”

“சரிங்க.”

“அப்புறம் உன் போனு. சார்ஜ் நிக்கல இல்ல? குடு, ரிப்பேருக்குக் குடுக்கறேன்.”

“நல்லாத்தானே கீது?”

“உள்ளுக்குள்ள போயிருக்கும்.”

“சரிங்க.”

ரெண்டு சரிங்க! இருபத்தாறு வருஷத்தில் ஒரே நாளில் ரெண்டு கிடைத்ததே இல்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டாமா? மனுஷர் போனைக் கம்பெனி லாக்கரில் பூட்டிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமை அவள் தைத்த பண்டல் அவர் டேபிளுக்கே வந்தது. அமிர்தவள்ளி தையல் என்றால் ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி இருக்கும். அன்றைக்கு மூன்று தையல் இறுக்கம், நாலாவது தொளதொள. மறுபடி மூன்று இறுக்கம், நாலாவது தொளதொள. எல்லா ஜோடியிலும் இதே கதை. விரலால் தடவிக்கொண்டே போனவருக்குத் திடீரென்று உறைத்தது. வரு, வரு, வரு, வருவேன்னியே. அடிப்பாவி! பாட்டுக்குத் தாளம் போட்டு நூலை இழுத்திருக்கிறாள்!

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினார். வீட்டில் அவள் காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு, கண்ணை மூடித் தைத்துக்கொண்டிருந்தாள்.

இயர்போனைப் பிடுங்கி, “ஏது இந்த போனு?” என்றார்.

உதடு அசைந்தது. அவர் குனிந்தார்.

“நிஷா குடுத்தா.”

“யாரு நிஷா?”

“பேரணாம்பட்டுப் பொண்ணு. இந்தப் பாட்டைப் பண்ணவ. என் கேசட்டைத் தேடிக்கினு வந்தா. எடுத்துக்கன்னு குடுத்தேன்.”

“எப்ப?”

“தை மாசம்.”

“என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?”

“சொன்னா வுட்டிருப்பீங்களா?”

சுந்தரமூர்த்தி அப்படியே தரையில் உட்கார்ந்தார். “நீ கேட்டா அழுவன்னுதான் அமிர்தம்... ஊர் வாயெல்லாம் மூடப் பாத்தேன்.”

“நான் எப்பவோ அழுது முடிச்சிட்டேன். நீங்கதான் தெனம் பஸ்ல அழுவுறீங்களாமே. பாய் சொன்னாரு.”

“பாயா?”

“நீங்க ஏறினதும் போடச் சொன்னதே நான்தான்.”

“தப்பு பண்ணிட்டேன். குரல் இருந்தப்ப ஒரு தபா உக்காந்து கேக்கல நான்” என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவள் முந்தானையை நீட்டினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அதுக்கு பஸ் எதுக்கு? வூட்லயே போட்டுக் காட்டியிருக்கலாம் இல்ல?”

மறுபடி குனிய வேண்டியிருந்தது. காதோடு வாய் வைத்துச் சொன்னாள்:

“வூட்ல பாடினா நிறுத்துன்னுவீங்க. ஓடற பஸ்லேர்ந்து எங்க எறங்குவீங்க?”